சாதனைக்கு ஒரு சாம்பிள்

காலை ஒன்பது நாற்பதுக்கு சிவரஞ்சனி தேசிய சாதனையை உடைத்தாள். ஒன்பது நாற்பத்தொன்றுக்கு அவள் பின்னால் ஒரு நிழல் ஒட்டிக்கொண்டது.

நிழலுக்கு ஐம்பது வயது. கழுத்தில் அடையாள அட்டை. டாக்டர் ரூபி தேவசிகாமணி, ஊக்கமருந்துச் சோதனை அதிகாரி, சென்னை.

"வாழ்த்துகள்மா. இங்க ஒரு கையெழுத்துப் போடு. சாம்பிள் கொடுக்கிற வரைக்கும் நீ என் கண்ணை விட்டு நகரக்கூடாது."

"பாத்ரூமுக்குங்க?"

"முக்கியமா அங்கதான் வருவேன்."

ஏற்காட்டில் ஒரு பள்ளி மைதானம். பெண்களுக்கான பத்தாயிரம் மீட்டர் நடைப்போட்டி. பழைய சாதனையைவிட ஆறு விநாடி குறைவு. ஆனால் அன்றைக்கே சிறுநீர் சோதனை முடிந்தால்தான் அது ஏட்டில் ஏறும். ஏறினால் விளையாட்டு ஒதுக்கீட்டில் ரயில்வே வேலை. வயது வரம்பு தாண்ட இன்னும் பதினோரு நாள்தான். கோட்டை விட்டால் சொந்த ஊரான வாழவந்திக்குத் திரும்பிப் போய் எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறிக்க வேண்டியதுதான்.

பள்ளியின் மருத்துவ அறைதான் சோதனை நிலையம். துணைக்கு ஒருவர் இருக்கலாம் என்றதும், தாய்மாமன் ஐயாக்கண்ணு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே வந்து உட்கார்ந்தார்.

பத்தரை மணி. வரவில்லை. வேர்த்துக் கொட்டிய உடம்பில் ஒரு சொட்டு மிச்சமில்லை.

"தண்ணி குடிக்கலாம். ஆனா சீல் உடைக்காத பாட்டிலா இருக்கணும்" என்றார் ரூபி.

சத்தமாகச் சொல்லியிருக்கக் கூடாது. ஜன்னலுக்கு வெளியே சொந்தபந்தம் மொத்தமும் நின்றிருந்தது.

அந்தச் சொந்தபந்தத்துக்கு ஒரு வழக்கம். நல்லது நடந்த பிள்ளைக்கு வீட்டுக்கு வீடு குடிக்கக் கொடுப்பார்கள். ஒருவரிடம் வாங்கிக் குடித்துவிட்டு இன்னொருவரிடம் வேண்டாம் என்றால், அந்த வீட்டோடு ஆயுசுக்கும் பேச்சு வார்த்தை கிடையாது.

சித்தப்பா மாதேஸ்வரன் முதல் பாட்டிலை நீட்டினார். குடித்தாள். அடுத்து அத்தை.

"போதுங்க அத்தை."

"ஏனம்மணி, அவிங்க ஊட்டுத் தண்ணி இனிக்குது, எங்க ஊட்டுது கசக்குதா?"

குடித்தாள். இருபத்திரண்டு வீடு. பள்ளி வாசல் கடையில் தண்ணீர் பாட்டில் தீர்ந்தது. பன்னீர் சோடா தீர்ந்தது. கடைக்காரர் ஷட்டரை இறக்கிவிட்டு வேடிக்கை பார்க்க வந்துவிட்டார்.

பதினொன்றே காலுக்கு வந்தது. வேண்டிய அளவுக்கு மேலேயே வந்தது. ரூபி ஒரு துளியைக் கருவியில் விட்டுக் கண்ணருகே வைத்தார். முகம் சுருங்கியது.

"அடர்த்தி 1.001."

"நல்ல மார்க்குங்களா?" என்றார் ஐயாக்கண்ணு.

"வெறும் தண்ணிக்கே 1.000. இவ்வளவு நீர்த்துப்போனா லேப்ல எதையும் கண்டுபிடிக்க முடியாது. குறைஞ்சது 1.005 வரணும். சிவரஞ்சனி, இனிமே ஒரு சொட்டு குடிக்காதே. அஞ்சு மணிக்கு நடுவர் சாதனைப் படிவத்தை முடிச்சுடுவார்."

பன்னிரண்டரைக்கு 1.002. இரண்டு மணிக்கு 1.003. ஜன்னலில் தொங்கிய கூட்டத்துக்குக் கிரிக்கெட் ஸ்கோர் மாதிரி உடனுக்குடன் செய்தி போனது.

"இன்னொண்ணு ஏறிப்போச்சுடோய்!"

அப்போதுதான் வாசலில் ஹாரன் கேட்டது.

செம்மநத்தத்திலிருந்து வேன். அம்மா வழி உறவு, பத்தொன்பது வீடு. வழியிலேயே விவரம் தெரிந்துகொண்டு, ஆளுக்கொரு சோடா பாட்டில், சீல் உடைக்காமல். முன்னால் பெரியம்மா காளியாயி.

"குடி கண்ணு."

"கூடாதுங்க பெரியம்மா. வேலையே போயிருமுங்க."

"வாழவந்திக்காரங்க கையில இருபத்திரண்டு. எங்க கையில ஒண்ணுகூட இல்லியா? அப்ப நாங்க வேனைத் திருப்பிக்கிட்டுப் போயர்றோம். இனி உன்ற கல்யாணத்துக்கும் வரமாட்டோம்."

சிவரஞ்சனியின் கண் நிறைந்தது.

"ஏனுங்க டாக்டர், அழுவட்டுங்களா?" ஐயாக்கண்ணு ஆவலாகக் கேட்டார். "அதுல கொஞ்சம் தண்ணி கொறையுமில்லீங்க?"

ரூபி முறைத்தார். ஐயாக்கண்ணு எழுந்தார். துண்டை இடுப்பில் கட்டினார்.

"காளியாயி! நான் தாய்மாமன். என்ற வாயில உழுந்தா அவ வாயில உழுந்த மாதிரி. சம்மதமா?"

கூட்டம் ஐந்து நிமிடம் கூடிப் பேசியது.

"சம்மதம். ஆனா ஒரு சொட்டு மிச்சம் வெக்கப்படாது."

ஐயாக்கண்ணு பத்தொன்பது சோடா குடித்தார். பன்னிரண்டாவதில் ஏப்பம் ஜன்னல் கண்ணாடியை அதிர வைத்தது. பத்தொன்பதாவதில் பேச்சு நின்றுபோனது.

மூன்றரை மணி. அவர் கால் மேல் கால் போட்டார். மூன்றே முக்காலுக்குக் காலை மாற்றிப் போட்டார்.

"போய்ட்டு வாங்க மாமா" என்றாள் சிவரஞ்சனி.

"நான் எந்திரிச்சா, குடிச்சது செல்லாதுன்னு அவிங்க மறுபடியும் பாட்டிலோட உள்ள பூந்துருவாங்க சாமி." நெற்றியில் முத்து முத்தாக வேர்வை. "நீ உன்ற வேலையப் பாரு."

நாலு இருபதுக்கு ரூபி கருவியை உயர்த்தினார். ஜன்னலில் தலைகள் முட்டிக்கொண்டன.

"1.006!"

வெளியே விசில் பறந்தது. உள்ளே ரூபி நிதானமாக இரண்டு பாட்டிலில் ஊற்றினார். மூடினார். திருகினார்.

"மூடியில இருக்கிற நம்பரைப் படிச்சுச் சரி பாருங்க சார்."

"சரியா இருக்குதுங்க" என்றார் ஐயாக்கண்ணு.

"படிக்கவே இல்லையே?"

படித்தார். ஏழு இலக்கம். ஒவ்வொன்றுக்கும் ஒரு முறை எச்சில் விழுங்கினார். அப்புறம் நாலு பக்கப் படிவம். கடைசியில் துணைக்கு இருந்தவரின் கையெழுத்து. 'ஐயா' என்று எழுதிவிட்டுப் பேனாவை வைத்தார்.

"முழுப் பேர் வேணும் சார். பாதியில விட்டா படிவம் செல்லாது."

"இதுக்கு மேல முடியாதுங்க டாக்டர்."

"மாமா!" சிவரஞ்சனி கையெடுத்துக் கும்பிட்டாள். "இன்னும் நாலே எழுத்துங்க மாமா!"

கண்ணை மூடிக்கொண்டு எழுதினார். பேனா முனை காகிதத்தைக் கிழித்தது. அடுத்த நொடி கதவு திறந்தது.

ஓட அவரால் முடியவில்லை. முட்டியை மடக்காமல், இடுப்பை மட்டும் ஆட்டி ஆட்டி, அசுர வேகத்தில் மைதானத்தைக் குறுக்கே கடந்தார். சாதனைப் படிவத்தோடு வந்துகொண்டிருந்த நடைப்போட்டி நடுவர் மரியஜோசப் நின்று பார்த்தார்.

"அப்பழுக்கில்லாத ஸ்டைல்! டாக்டர், இவரையும் டெஸ்ட் பண்ணணுமா?"

"இப்பவா? வேண்டாம் சார். 1.001தான் வரும்" என்றபடி ரூபி பேனாவை நீட்டினார்.

மரியஜோசப் கையெழுத்திட்டார். மணி நாலு ஐம்பத்தெட்டு.