நோன்புக்கு ஆகும் எண்ணெய்

தெமிசேவின் விரல் நுனியிலிருந்து எடுத்த ரத்தச் சொட்டை மறுபடியும் கருவியில் வைத்துப் பார்த்தேன். கீட்டோன் ஏறவே இல்லை. வெண்ணெயும் முட்டையும் பாலாடையும் சேர்த்து மருத்துவமனையின் உணவியல் நிபுணரான நானே அளவு பார்த்து அடித்துக் கொடுக்கும் உணவு, மூக்குக் குழாய் வழியாக வேளை தவறாமல் போகிறது. இதே உணவில் எதிர்க்கட்டில்காரருக்கு ஏறுகிறது, இவனுக்கு ஏறவில்லை. என் கணக்கு தப்பாது. அதில் எனக்குக் கர்வமே உண்டு. ஆகவே முதலில் கருவியைத் திட்டினேன், பிறகு சமையலறையை.

தெமிசேவ் கொத்தனார். யூகலிப்டஸ் கழி கட்டிய சாரத்திலிருந்து விழுந்து மண்டையில் அடி. மூளை வீங்கி, நினைவில்லாமல் கிடக்கிறான். அடிபட்ட மூளை சர்க்கரையை எரிக்கத் திணறும். கொழுப்பிலிருந்து வரும் கீட்டோன் கிடைத்தால் அதை எரித்துத் தாக்குப்பிடிக்கலாம் என்பது டாக்டர்களின் நம்பிக்கை. பலிக்கும் என்று யாரும் சத்தியம் செய்யவில்லை, சோதித்துத்தான் பார்க்கிறோம். ஆனால் அடிபட்ட இந்த முதல் நாட்களை விட்டால் விட்டதுதான். எல்லாவற்றையும் அவன் மனைவி வொர்க்கினேஷிடம் விளக்கி, மாவும் தேனும் கூடவே கூடாது என்றேன். “இஷி” என்றாள். எங்கள் அடிஸ் அபாபாவில் இஷி என்றால் சரி; காதில் விழுந்தது என்றும் பொருள். இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த நான் அதைச் சரி என்றே எடுத்துக்கொண்டேன்.

அன்று குழாயில் ஊற்றும் ஊசிக்குழலைக் கழுவ எடுத்தபோது வறுத்த பார்லி மணத்தது. கட்டிலுக்கடியில் பிளாஸ்க், அதில் தேன் கலந்த பார்லிக் கரைசல். நான் கொடுத்தது எல்லாம் கழிவுத்தொட்டிக்குப் போயிருக்கிறது. கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

“உனக்குப் புருஷன் பொழைக்கணுமா வேணாமா?” என்றேன்.

அவள் தோளில் கிடந்த வெள்ளைப் போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டாள். “இது பெரிய நோன்பு அக்கா. நோன்புல அவரு வெண்ணெயத் தொட்டதே இல்ல.”

நோயாளிக்கு நோன்பு கிடையாது, ஈஸ்டருக்கு முந்தைய இந்த நோன்பிலும் தேவாலயமே விலக்குக் கொடுக்கிறது என்றேன்.

“பாதிரியாரு விட்டுடுவாரு. இவரு விடமாட்டாரு. முழிச்சா இவருதான அக்கா முழிக்கணும்? நெனவில்லாம கெடக்கறப்ப ஊத்திட்டேன்னு எந்த மொகத்தோட சொல்லுவேன்?”

நானும் நோன்புதான்; காலையிலிருந்து வயிறு காந்திக்கொண்டிருந்தது. நோன்பு விலக்குவது ஆடுமாடு கோழி தருவதைத்தானே, கொழுப்பையே இல்லையே என்று அப்போதுதான் உறைத்தது. தேங்காய் எண்ணெய் மற்றதைவிடச் சுலபமாகக் கீட்டோனாகும் என்று படித்துப் பரீட்சை எழுதியவள் நான். வெண்ணெயைத் தவிர வேறெதையும் யோசிக்காதது என் மடத்தனம். டாக்டரிடம் மல்லுக்கு நின்று அனுமதி வாங்கினேன். சமையலுக்கு ஆகும் தேங்காய் எண்ணெயைத் தேடிப் பிடித்து, மாவுச்சத்து நீக்கிய சோயாப் பொடியோடு அடித்துக் கொண்டுவந்தேன்.

வொர்க்கினேஷ் முகர்ந்து பார்த்தாள். “இது தலைக்குத் தேய்க்கறதாச்சே.”

“தலைக்குத்தான குடுக்கறோம்” என்றேன்.

போர்வையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். அவள் சிரித்து நான் பார்த்ததில்லை. பிறகு, “இஷி” என்றாள்.

“எந்த இஷி?”

“சத்தியமா இஷி.”

மறுநாள் கீட்டோன் ஏறியது; அதற்கடுத்த நாள் இன்னும். தெமிசேவ் கண் திறக்கவில்லை. திறப்பான் என்றே எனக்குத் தோன்றியது, அப்படிச் சொல்ல என்னிடம் ஆதாரம் ஒன்றுமில்லை. வொர்க்கினேஷ் இடது கையால் ஊசிக்குழலை மெல்ல அழுத்தினாள். வலது கை விரல்கள், ஊட்டுவதற்குக் குவிவதுபோல் தாமாகவே குவிந்து, அவன் வாயருகே போய் நின்றன. அவற்றில் ஒரு கவளமும் இல்லை. அவன் உதடுகள் லேசாகப் பிரிந்தன.