உயிருக்கு ஆபத்தான மாமரம்

அசுன்சியோன் நகரில் டிசம்பர்தான் உச்சக் கோடை; மனிதருக்கு ஏற்றதல்ல அந்த வெயில். அந்த வெயிலிலும் மேற்குப் பார்த்த வீட்டில் நிமியா குடித்தனம் நடத்தினாள் என்றால், வாசலில் நின்ற மாமரம்தான் காரணம். கணவர் சிரிலோவுக்குப் பக்கவாதத்தில் வலப்பக்கம் விழுந்துவிட்டது. மத்தியானம் கரண்ட் போனதும், அவரை நாற்காலியோடு இழுத்துவந்து மரத்தடியில் விட்டுவிடுவாள். வீடு அடுப்பாகிவிடும் நேரத்திலும் அந்த நிழலில் மட்டும் கொஞ்சம் காற்று இருக்கும். சூட்டில் கிடந்தால் மறுபடி வாதம் அடிக்கும் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

தெருவில் அப்படி ஏழு மாமரங்கள். முனையில் பதினாலு மாடிக் கட்டடம் எழும்பிக்கொண்டிருந்தது. அதன் கார்கள் போய்வரத் தெருவை அகலமாக்க வேண்டும், ஏழையும் வெட்ட வேண்டும் என்று நவம்பரில் நகராட்சி நோட்டீஸ் ஒட்டியது. தெருச் சங்கம் பொங்கி எழுந்தது. நடைபாதையில் நாற்காலிகளைப் போட்டு, தேரேரே என்ற குளிர்ந்த மூலிகைப் பானத்தை ஒரே குழலில் உறிஞ்சிக் கைமாற்றிக்கொண்டே கூட்டம் நடத்தினார்கள்.

"நம்ம பொணத்து மேலதான் ரம்பம் போகணும்!" என்றார் தலைவர் தோன் எவேலியோ. டயர் கடைக்காரர்; குரலுக்குப் பஞ்சமில்லை.

"மொதல்ல யாரு படுக்கறதுன்னு சீட்டுப் போட்டுக்கங்க," என்றார் சிரிலோ, கோணிய வாயால். எல்லோரும் சிரித்தார்கள்.

சங்கத்தின் செயலாளர் நிமியாதான். பள்ளி ஆசிரியையாக இருந்தவள். முத்து முத்தான கையெழுத்து. ஆட்சேபணை மனுவை எழுதி, எல்லோரிடமும் கையெழுத்து வாங்கி, எவேலியோவோடு நகராட்சிக்குப் போனாள்.

அங்கே ரொமினா என்ற பெண் அதிகாரி மனுவைப் படித்தாள். எழுந்துபோய்த் தடிமனான கோப்பு ஒன்றைக் கொண்டுவந்து வைத்தாள்.

"இது உங்க கையெழுத்துதானே, ஞா நிமியா?" என்றாள், மூத்த பெண்களை அழைக்கும் மரியாதைச் சொல்லோடு.

நிமியா கோப்பைப் புரட்டினாள். பத்தொன்பது வருஷம் அவள் எழுதிய கடிதங்கள். மாம்பழக் காலம் வந்தால் தெருவெல்லாம் பழம் விழுந்து அழுகும்; பெருக்கி அள்ள லாரி அனுப்புங்கள் என்று கேட்டு எழுதியவை. முதல் கடிதம் அடக்கமாகத்தான் இருந்தது. லாரி வரவில்லை. "இப்படிப் பவ்யமா எழுதினா எவன் அசைவான்? காரமா எழுதுங்க ஞா!" என்று எவேலியோ சொல்லச் சொல்ல, வருஷா வருஷம் காரம் ஏறியது. கேட்பதைவிடப் பத்து மடங்கு அலறினால்தான் பாதியாவது கிடைக்கும் என்பது அந்தத் தெருவில் எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. லாரி கடைசிவரை வரவில்லை. ஒரு வரி பதில்கூட வரவில்லை.

ரொமினா நிதானமாகப் படித்தாள். "'வேர்கள் நடைபாதையைப் பிளக்கின்றன.' 'பழம் விழுந்து கார்க் கண்ணாடி நொறுங்கியது.' இது போன வருஷத்தது: 'இம்மரங்கள் குடியிருப்போரின் உயிருக்கு ஆபத்தானவை. உடனடி நடவடிக்கை தேவை.' மொத்தம் முப்பத்தோரு கடிதம். நீங்க கேட்டதைத்தானே ஞா செய்யறோம்?"

"நாங்க லாரிதாம்மா கேட்டோம்."

"லாரின்னு கடைசிப் பத்துக் கடிதத்துல எங்கயுமே இல்லையே."

இல்லைதான். ஆத்திரத்தில் எழுதும்போது லாரி விட்டுப்போயிருந்தது. பத்தொன்பது வருஷம் தூங்கிய நகராட்சி, கட்டடக்காரனுக்குத் தேவைப்பட்ட அன்று ஒரே நாளில் எல்லாவற்றையும் படித்து முடித்துவிட்டது. அந்த அக்கிரமத்தைச் சொல்லி அழக்கூட அவளிடம் நியாயம் மிச்சமில்லை.

வெளியே வந்ததும் எவேலியோ கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். "உயிருக்கு ஆபத்துன்னெல்லாமா எழுதுவாங்க?"

"நீங்கதானே சொன்னீங்க!"

"நான் வாயில வந்ததைச் சொல்வேன். படிச்சவங்க நீங்கதானே யோசிச்சு எழுதியிருக்கணும்?"

அடுத்த வாரம் ரம்பங்கள் வந்தன. யாருடைய பிணமும் குறுக்கே கிடக்கவில்லை. எவேலியோ பக்கத்து ஊர் லூக்கேயில் இருந்த மகள் வீட்டுக்குப் போயிருந்தார். நிமியா மட்டும் மரத்தைக் கட்டிக்கொண்டு நின்றாள். தொழிலாளி ஒருவன் தன் தாயை நகர்த்துவதுபோல மெதுவாக அவளைத் தோளைப் பிடித்து நகர்த்தினான். அரை மணி நேரத்தில் மரம் சாய்ந்து, வாசலில் வானம் விழுந்து கிடந்தது.

கிறிஸ்துமஸுக்கு முன்பு எவேலியோ வந்தார். எந்த வேலை முடிந்தாலும் சங்கம் நகராட்சிக்கு நன்றிக் கடிதம் அனுப்புவது பழைய வழக்கம்.

"கோவத்தை மனசுல வச்சுக்காதீங்க ஞா. ரெண்டு வரி போதும். கட்டடத்துக் கீழே சங்கத்துக்காரங்க கார் நிறுத்த இடம் தர்றாங்களாம்."

"எங்கிட்ட கார் இல்ல," என்றாள் நிமியா. ஆனாலும் உட்கார்ந்து எழுதினாள். 'முன்பு அனுப்பிய முப்பத்தோரு கடிதங்களும் பொய். அவற்றை எழுதியவள் நான். அந்த மரம் யார் உயிருக்கும் ஆபத்தாக இருந்ததில்லை.' தேதி போட்டு, கையெழுத்திட்டு நீட்டினாள்.

எவேலியோ படித்துவிட்டுச் சிரித்தார். "அனுப்புங்க. பத்தொம்பது வருஷம் கழிச்சுப் படிப்பாங்க."

உள்ளே மின்விசிறி நின்றது.

"நிமியா," என்று சிரிலோ கூப்பிட்டார். "மணி ரெண்டாச்சு. நாற்காலியை நிழலுக்கு இழு."

கொஞ்ச நாளாக அவருக்கு ஞாபகம் தப்பிக்கொண்டிருந்தது. நிமியா வாளியில் துண்டை நனைத்துப் பிழிந்து அவர் தலைமேல் போட்டாள்.