விடச் சொல்லாத மூச்சு

“ஒங்க அப்பா யார் சொன்னா கேப்பாங்க?”

ஜெஸ்மி சிஸ்டர் இதை என்னிடம் ஆஸ்பத்திரி மாடிப்படியில் நிறுத்திவைத்துக் கேட்டார். என் கையில் வெந்நீர் பிளாஸ்க் இருந்தது. பழகாத ஆள் முகத்தை நேராகப் பார்த்துக் கேட்டால் எனக்குப் பேச்சு வராது. ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டதற்கும் பாதிக் காரணம் அதுதான். பதில் தெரிந்திருந்தும் பிளாஸ்க்கின் மூடியைத் திருகிக்கொண்டே நின்றேன்.

அவர் அப்படிக் கேட்க வேண்டி வந்த கதையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

என் அப்பா அற்புதமணி, திரேஸ்புரத்தில் சங்கு குளிக்கிறவர். காற்றுக் குழாய் எதுவும் இல்லாமல், மூச்சை அடக்கிக்கொண்டு கடலின் அடிக்கே போய்ச் சங்கு எடுத்து வருவார். போன வெள்ளிக்கிழமை வயிற்றைப் பிடித்துக்கொண்டு கரையேறினார். குடல்வால் வெடித்துவிட்டது என்று அன்றைக்கே ஆபரேஷன் செய்தார்கள். அது நல்லபடியாக முடிந்தது. வினை அதற்குப் பிறகுதான் வந்தது.

திங்கட்கிழமை காலையில் டாக்டர் அப்பாவின் முதுகில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு முகத்தைச் சுளித்தார். தையல் வலிக்கு அஞ்சி அப்பா மேலோட்டமாகவே மூச்சு விடுகிறாராம். அதனால் நுரையீரலின் அடியில் சளி கட்டுகிறதாம். ஆழமாக மூச்சை இழுத்து, இருமித் துப்பினால் போதும், தானாகச் சரியாகிவிடும். புதன்கிழமை சாயங்காலத்துக்குள் சரியாகாவிட்டால் திருநெல்வேலிக்குக் கொண்டுபோய் மூச்சு மெஷினில் வைக்க வேண்டி வரும் என்றார். அம்மா அதைக் கேட்டதும் சேலை முந்தியில் முடிந்திருந்த ஜெபமாலையைத் தேட ஆரம்பித்துவிட்டாள்.

மூச்சுப் பயிற்சிக்கு என்று ஒரு பிளாஸ்டிக் பெட்டி உண்டு. அதற்குள் மூன்று பந்துகள் இருக்கும். குழாயை வாயில் வைத்து மூச்சை இழுத்தால் பந்துகள் ஒவ்வொன்றாக மேலே ஏறும். ஏறியதும் மூன்று எண்ணும்வரை பிடித்துவிட்டு விட வேண்டும். அதைச் சொல்லிக்கொடுக்க வந்த நர்ஸ்தான் ஜெஸ்மி சிஸ்டர். பக்கத்தில் நாசரேத் ஊர்க்காரர். வேலைக்குச் சேர்ந்து நான்கு மாதம்தான் ஆகிறது. எதையும் வேகமாகச் செய்வார், வேகமாகப் பேசுவார்.

“இழுங்க அண்ணாச்சி, இழுங்க, அப்படித்தான். இப்பப் பிடிச்சிக்கோங்க” என்றார் சிஸ்டர்.

அப்பா பிடித்துக்கொண்டார். அந்த நேரம் பார்த்துப் பக்கத்து அறையில் யாரோ, குளுக்கோஸ் பாட்டில் தீர்ந்துவிட்டது என்று கூப்பிட, சிஸ்டர் ஓடிவிட்டார்.

எதிர்க் கட்டிலில் சங்கரபாண்டியன் என்று ஒருவர் இருந்தார். ஸ்ரீவைகுண்டம் பக்கத்து விவசாயி. வாழைத்தோட்டத்து வரப்பில் வழுக்கி விழுந்து காலில் மாவுக்கட்டோடு கிடந்தார். பொழுது போகாமல் சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருக்கும் ஆள். அவர் கணக்குப்படி அப்பா ஒரு நிமிடம் நாற்பது வினாடி மூச்சைப் பிடித்திருந்தார். சங்கு குளிக்கிறவனிடம் ஒரு பெண் வந்து மூச்சைப் பிடி என்று சொன்னால் அவன் மூன்று எண்ணிவிட்டா விடுவான்? சொன்னவர் வந்து விடச் சொல்லட்டும் என்று அப்பா கண்ணை மூடிக்கொண்டு கிடந்தார். நானும் அம்மாவும்கூட அதை ஒரு விசேஷமாக நினைக்கவில்லை. வீட்டில் அவர் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டே செய்கிற காரியம் அது.

அப்பாவின் விரலில் மாட்டியிருந்த ஆக்சிஜன் அளக்கும் கருவி கத்த ஆரம்பித்தது. ஜெஸ்மி சிஸ்டர் ஓடிவந்தார். அவருக்குப் பின்னால் தலைமை நர்ஸ் விஜிலா சிஸ்டரும் வந்தார். அப்பாவின் உதடு நீலம் பாரித்திருந்ததைப் பார்த்து ஜெஸ்மி சிஸ்டர் பதறிப்போய், வார்டு முழுக்கக் கேட்கும்படி கத்திவிட்டார்.

“அறிவிருக்கா ஒங்களுக்கு? யாராவது இப்பிடிச் செய்வாங்களா?”

அப்பா மூச்சை மெதுவாக விட்டார். “நீங்க விடச் சொல்லலயே” என்றார்.

வார்டில் எல்லாரும் சிரித்துவிட்டார்கள். அப்பா சிரிக்கவில்லை. சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார். அதற்குப் பிறகு அந்தப் பெட்டியை யார் நீட்டினாலும் கையால் தள்ளினார். இருமலும் இல்லை, பேச்சும் இல்லை. சாயங்காலம் காய்ச்சல் நூறைத் தாண்டியது.

நோயாளியிடம் எப்படிப் பேச வேண்டும் என்று ஜெஸ்மி சிஸ்டரிடம் ஒரு பாடப்புத்தகம் இருந்தது. செவ்வாய்க்கிழமை காலையில் அதை ஒருமுறை புரட்டிவிட்டு வந்தார். நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். கொஞ்சம் முன்னால் சாய்ந்து, அப்பாவின் கண்ணைப் பார்த்து, பள்ளிக்கூட நாடகத்தில் பேசுவதுபோல, “இப்ப நீங்க எப்படி உணர்றீங்க?” என்று கேட்டார்.

“படுத்துக்கிட்டு உணருதேன்” என்றார் அப்பா.

சங்கரபாண்டியன் போர்வையை இழுத்து வாயைப் பொத்திக்கொண்டார். சிஸ்டர் எழுந்து வெளியே வந்துவிட்டார். அப்போதுதான் மாடிப்படியில் என்னைப் பிடித்து அந்தக் கேள்வியைக் கேட்டார். அவர் கண் கலங்கியிருந்தது. அதைப் பார்த்ததும் எனக்குக் கூச்சம் கொஞ்சம் குறைந்தது. வாய்தான் திறக்கவில்லை. மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் எழுதிக் கொடுத்தேன்.

“கிளைட்டன் மாமா. அம்மாவின் தம்பி. கடலில் அப்பாவின் கயிறு அவர் கையில்தான் இருக்கும். மூன்று மாதமாகப் பேச்சில்லை.”

எங்கள் தெருவில் மூச்சடக்கிக் குளிக்கிறவர்களின் வழக்கம் அது. குளிக்கிறவர் இடுப்பில் கயிறு கட்டி இறங்குவார். மறுமுனை படகில் மச்சான் கையில் இருக்கும். அண்ணன் தம்பியிடம்கூடக் கொடுக்க மாட்டார்கள். தன் அக்காளோ தங்கையோ தாலி அறுக்கக் கூடாது என்று கண் கொட்டாமல் பிடித்திருப்பவன் மச்சான்தானே. கிளைட்டன் மாமா பத்து வருடமாக அப்பாவின் கயிற்றைப் பிடித்தவர். மூன்று மாதத்துக்கு முன்னால் ஒருநாள், அப்பா கயிற்றை இழுத்துச் சொல்வதற்கு முன்பே அவரை மேலே தூக்கிவிட்டார். கீழே கை நிறையச் சங்கு கிடந்ததாம். அந்தக் கோபத்தில் அப்பா, படகில் எல்லார் முன்னாலும் மாமாவைப் பயந்தாங்கொள்ளி என்று சொல்லிவிட்டார். மாமா கயிற்றைச் சுருட்டிப் படகில் போட்டுவிட்டு இறங்கினவர்தான். ஆஸ்பத்திரிக்கும் வரவில்லை.

அன்று வேலை முடிந்ததும் சிஸ்டர் என்னோடு திரேஸ்புரம் கரைக்கு வந்தார். மாமா படகு நிழலில் உட்கார்ந்து சங்கு மேல் ஒட்டியிருந்த பாசியைச் சுரண்டிக்கொண்டிருந்தார். சிஸ்டர் வந்த காரியத்தைச் சொல்லி, உங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு கம்யூனிகேஷன் கேப் இருக்கிறது என்று ஆரம்பித்தார். மாமா தலையை நிமிர்த்தாமல், “கேப்பெல்லாம் ஒண்ணும் கெடையாது தாயி. எதிர்த்த வீடுதான்” என்றார்.

சிஸ்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. புத்தகத்துப் பேச்சு அதோடு நின்றது. மணலில் அப்படியே உட்கார்ந்து, மேலே இருப்பவருக்குக் கீழே இருப்பவரின் கஷ்டம் எப்படித் தெரியும் என்று கேட்டார். தெரிந்துகொள்ளும் ஆசையோடு கேட்டார். மாமாவும் சுரண்டுவதை நிறுத்திவிட்டுச் சொன்னார். ஆள் நன்றாக இருந்தால் கயிறு ஒரு மாதிரி ஆடுமாம், தவித்தால் வேறு மாதிரி துடிக்குமாம். சிஸ்டர் கேள்வி மேல் கேள்வி கேட்டார். அரை மணி நேரம் போனது. மாமா அவ்வளவு பேசி நான் பார்த்ததில்லை.

கடைசியில் சிஸ்டர், வாருங்களேன் என்று கூப்பிட்டார். மாமாவின் முகம் பழையபடி ஆகிவிட்டது.

“பதினோரு பேர் முன்னால சொன்னாரு தாயி. அக்கா வந்து அழுதா, பாதர் வந்து சொன்னாரு. தனியா வந்து ஆயிரம் சொன்னா அது போயிருமா? சொன்னது பதினோரு பேர் முன்னாலல்லா?”

சிஸ்டர் அதற்குமேல் வற்புறுத்தவில்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில் என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டார். திங்கட்கிழமை வார்டில் எத்தனை பேர் இருந்தார்கள் என்று. நான் விரலால் காட்டினேன். நோயாளிகளும் கூட இருந்தவர்களுமாக ஒன்பது பேர்.

புதன்கிழமை காலை டாக்டர் ரவுண்ட்ஸ் வந்தார். விஜிலா சிஸ்டர் பைலோடு பின்னால் நின்றார். ஜெஸ்மி சிஸ்டர் நடு வார்டுக்கு வந்து கையைக் கட்டிக்கொண்டார்.  குரல் கடைசிக் கட்டில்வரை கேட்டது.

“திங்கக்கிழமை நான் அண்ணாச்சிய எல்லார் முன்னாலயும் அறிவிருக்கான்னு கேட்டேன். பிடிங்கன்னு சொல்லிட்டு, விடச் சொல்லாமப் போனது நான்தான். தப்பு என் பேர்ல. அதையும் எல்லார் முன்னாலயும் சொல்லணும்னு தோணிச்சி. மன்னிச்சிக்கிடுங்க அண்ணாச்சி.”

டாக்டர் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் ஜன்னலைப் பார்த்தார். விஜிலா சிஸ்டர் பைலில் ஒரு வெற்றுத் தாளைப் புரட்டினார். அப்பா சுவர்ப்பக்கத்திலிருந்து மெல்லத் திரும்பிப் படுத்தார். பிறகு, “சரி, அந்தப் பொட்டியக் குடுங்க” என்றார்.

டாக்டர் போனதும் சிஸ்டர் ஒரு பேண்டேஜ் துணியைப் பிரித்து, ஒரு முனையை அப்பாவின் மணிக்கட்டில் கட்டினார். மறுமுனையைத் தன் கையில் வைத்துக்கொண்டார். நான் ஒருமுறை இழுத்தால் மூச்சை இழுங்கள், இரண்டுமுறை இழுத்தால் விடுங்கள், வலி தாங்கவில்லை என்றால் நீங்களே இழுங்கள், அந்த நிமிடமே நிறுத்திவிடுவேன் என்றார். அப்பா துணிக்கட்டையும் சிஸ்டரையும் மாறி மாறிப் பார்த்தார்.

எதிர்க் கட்டிலிலிருந்து சங்கரபாண்டியன், “ஏ மணி, ஒனக்குப் புது மச்சான் கெடச்சாச்சி. இனிமே கோயில் கொடைத் திருவிழான்னா மச்சான் மொறைக்கி சிஸ்டருக்கு வேட்டி எடுத்துக் குடுக்கணும் பாத்துக்கோ” என்றார்.

அப்பாவுக்குச் சிரிப்பு வெடித்துக்கொண்டு வந்தது. சிரித்ததில் தையல் இழுத்தது. இழுத்ததில் இருமல் வந்தது. சிஸ்டர் சட்டென்று ஒரு தலையணையை அப்பாவின் வயிற்றில் வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டார். இரண்டு நாளாகக் கெஞ்சியும் வராத சளி, கட்டியாக வந்து கிண்ணத்தில் விழுந்தது. அம்மா அந்தக் கிண்ணத்தை நகைக்கடையில் வளையல் பார்ப்பதுபோல் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

மதியத்துக்குள் இரண்டு பந்துகள் ஏறின. காய்ச்சல் இறங்கியது. மூன்றாவது பந்து மட்டும் அசைந்து அசைந்து கீழேயே உட்கார்ந்துகொண்டது. சாயங்காலம் டாக்டர் வர வேண்டியிருந்தது. அம்மா கடிகாரத்தைப் பார்ப்பதும் ஆம்புலன்ஸ்காரரின் நம்பரைத் தேடுவதுமாக இருந்தாள். அப்பா அம்மாவைக் கூப்பிட்டு, உன் தம்பிக்கு ஒரு போன் போடு, நான் கூப்பிட்டதாகச் சொல்லு என்று மட்டும் சொன்னார்.

நான்கு மணிக்குப் பார்வையாளர்களை விட்டார்கள். கிளைட்டன் மாமா வாசலோடு நின்றார், உள்ளே வரவில்லை. அப்பா அவரைப் பார்த்ததும் எழுந்து உட்காரப் பார்த்தார். வலியில் முடியவில்லை. சாய்ந்தபடியே, எல்லாருக்கும் கேட்கும்படி பேசினார்.

“மச்சான், அன்னைக்கி நீ தூக்கினது சரிதான். கீழ எனக்குக் கண்ணு இருட்டிக்கிட்டு வந்துச்சி. ஒங் கைக்குத் தெரிஞ்சி போச்சி. மேல வந்து அத ஒத்துக்கிட எனக்கு வெக்கம். பயந்தது நீ இல்ல, நான்தான். படகுக்காரங்க கிட்டயும் சொல்லுதேன், மொதல்ல இங்கன சொல்லிட்டேன்.”

 சங்கரபாண்டியன் கடிகாரத்தை விட்டுவிட்டு வாசலைப் பார்த்தார்.

மாமா செருப்பை வாசலில் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். அப்பாவின் மணிக்கட்டில் இருந்த முடிச்சைப் பார்த்தார். அதை அவிழ்த்து, வேறு முடிச்சாகப் போட்டார். ஜெஸ்மி சிஸ்டரிடம் கையை நீட்ட, அவர் மறுமுனையைக் கொடுத்தார். மாமா கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்தார்.

ஒரு இழுப்பு. அப்பா மூச்சை இழுத்தார். முதல் பந்து, இரண்டாவது பந்து. மூன்றாவது பந்து ஒரு நடுக்கத்தோடு எழுந்து மேல்தட்டில் போய் முட்டி நின்றது. மாமா அப்பாவின் முகத்தைப் பார்க்கவில்லை, துணியை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு இழுப்பு. பந்துகள் இறங்கின. மறுபடியும் ஒரு இழுப்பு.

எட்டோ ஒன்பதோ தடவை ஆனபோது டாக்டர் வந்தார். யாரையும் நிறுத்தச் சொல்லாமல் அப்பாவின் முதுகில் குழாயை வைத்தார். மாமா இழுக்க இழுக்க அப்பா மூச்சுவிட, டாக்டர் நான்கு இடத்தில் வைத்துக் கேட்டார். அடிவரைக்கும் காற்று போகிறது, திருநெல்வேலி வேண்டாம் என்றார். அம்மா என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். சங்கரபாண்டியன் யாருக்கென்றில்லாமல் கைதட்டினார்.

மூச்சுப் பயிற்சி இன்னும் இரண்டு நாள் வேண்டும், இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை என்று டாக்டர் ஜெஸ்மி சிஸ்டரிடம் சொன்னார். மாமா அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். எழுந்து, துணியின் முனையைச் சிஸ்டரின் உள்ளங்கையில் வைத்து, அவர் விரல்களை அதன்மேல் மடக்கினார். ஒருமுறை இழுத்துப் பார்த்தார், பிடி சரியாக இருக்கிறதா என்று. பிறகு வாசலில் கிடந்த செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டார்.