பலகையில் நூற்று நாற்பது

என் மோட்டார் சைக்கிளுக்குக் காப்பீடு கேட்டுப் புதிய கம்பெனி ஒன்றின் எண்ணை நான் அழைத்தபோது வாசலில் முழங்கால் உயரத்துக்குப் பனி கிடந்தது. எதிர்முனையில் ஒருவர் எடுத்துப் பேசியபோது வசந்தம் வந்து துலிப் பூத்திருந்தது. இடைப்பட்ட காலத்தில், காத்திருப்போருக்கு அவர்கள் போடும் பாட்டை நான் முழுவதும் கற்றுக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் பாடியும் விட்டேன். யாரும் தலை நிமிரவில்லை. விஸ்கான்சினில் மார்ச் மாதத்தில் யாரும் எதற்கும் தலை நிமிர்வதில்லை.

பழைய கம்பெனி என்னைக் கைவிட்டதற்கு நானேதான் காரணம். என் வாழ்க்கையில் நேர்மையாக இரண்டு கடிதங்கள் எழுதியிருக்கிறேன். இரண்டும் எனக்கே வினையாக முடிந்தன. முதலாவதைப் பற்றி இங்கே பேச்சில்லை. இரண்டாவதில், எழுபத்தெட்டாம் வருடத்து வண்டியைப் பதினொரு குளிர்காலங்களாக நான் மாற்றி மாற்றிக் கட்டிய கதையை வரிசையாக எழுதி அனுப்பினேன். முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் முன்கவையை நீட்டியது, கைப்பிடியைத் தோளுயரத்துக்குத் தூக்கியது, கதிரடிக்கும் எந்திரத்திலிருந்து புகைக்குழாய் எடுத்து மாட்டியது எல்லாம் அதில் இருந்தன. பத்து நாளில் பதில் வந்தது. நாங்கள் காப்பீடு செய்த வண்டியில் இப்போது மிஞ்சியிருப்பது பெட்ரோல் மூடியும் இரும்புச் சட்டத்தில் பொறித்த எண்ணும் மட்டுமே, பெட்ரோல் மூடிக்குத் தனியாகக் காப்பீடு தரும் திட்டம் எங்களிடம் இல்லை என்று எழுதியிருந்தார்கள். மரியாதையான கடிதம்தான்.

அன்று மாலையே ஆர்டித் சாவியை எடுத்துத் தன் மேல்சட்டைப் பையில் போட்டுக்கொண்டாள். ஆர்டித் என் மனைவி. கல்யாணமாகி ஐம்பத்தொரு வருடம் ஆகிறது.

"காப்பீட்டுக் கார்டு கைக்கு வர்ற வரைக்கும் இது என்கிட்டதான் இருக்கும்" என்றாள். "எங்கண்ணன் காப்பீடு இல்லாம பால் லாரியில மோதினான். இப்ப மகன் வீட்டு மாடியில ஒண்டிக்கிட்டிருக்கான். மாடியில ஒண்டுறதுக்கு நமக்கு மகன்கூட இல்ல."

அவளுக்குத் தெரிந்த இன்னொரு விஷயமும் இருந்தது. என் இடது மணிக்கட்டை இலையுதிர் காலத்தில் அறுத்து உள்ளே இரும்புத் தகடு வைக்கப்போகிறார்கள். அதற்குப் பிறகு கிளட்சைப் பிடிக்க முடியாது என்று டாக்டர் நேராகவே சொல்லிவிட்டார். எனக்கு எழுபத்தேழு வயது. மிச்சமிருப்பது இந்த ஒரு கோடை. எங்கள் ஊரில் கோடை என்பது ஏறக்குறைய ஒரு நீண்ட வார இறுதி. மே மாதம் முதல் ஞாயிற்றுக்கிழமை பாதிரியார் வண்டிகளின்மேல் புனித நீர் தெளிப்பார். அங்கிருந்துதான் வட்டாரத்து வண்டிக்காரர்கள் எல்லோரும் ஒன்றாகக் கிளம்புவோம்.

புதிய கம்பெனியில் பேசிய பெண்ணின் பெயர் டெனீஸ். மாற்றிக் கட்டிய வண்டிகளுக்கென்றே இருக்கும் பிரிவாம். குரலில் சலிப்பு இருந்தது; ஆனால் என் மேல் இல்லை, பொதுவாக.

"நாலு பக்கமும் போட்டோ அனுப்புங்க சார். என்னென்ன மாத்தினீங்கன்னு ஒரு லிஸ்ட்டும் வேணும்."

வண்டி கொட்டகையில் இருந்தது. வெயில் படாத கொட்டகைக் கதவு மட்டும் இன்னும் பனிக்கட்டியில் இறுகிக் கிடந்தது. அதை வெந்நீர் ஊற்றித் திறக்கச் சோம்பல் பட்டு, பிப்ரவரியில் நடந்த வண்டிக் கண்காட்சியில் எடுத்த படங்களையே அனுப்பிவிட்டேன். நான் செய்த தவறு இதுதான்.

கண்காட்சியில் ஒவ்வொரு வண்டிக்கு முன்னாலும் ஒரு பலகை வைப்பார்கள். வண்டியை யார் கட்டினார், எப்படிக் கட்டினார், எத்தனை குதிரைத்திறன் என்று அதில் எழுதவேண்டும். அந்தப் பலகையில் உண்மை எழுதும் வழக்கம் எங்களிடம் இல்லை. யாராவது எழுதினால், அவருக்கு உடம்பு சரியில்லையோ என்று வீட்டுக்கு ஆள் போய் விசாரிக்கும். பக்கத்துப் பலகையில், பட்டறை வைத்திருக்கும் டுவேன் கூபியாக் நூற்று முப்பத்தைந்து என்று எழுதியிருந்தான். ஆகவே நான் நூற்று நாற்பது என்று எழுதினேன். அதற்குக் கீழே இடம் காலியாக இருந்ததால், இந்த வண்டி உறைந்த ஏரியின்மேல் மணிக்கு நூற்று எழுபது மைல் ஓடியது என்றும், அது போன தடத்தில் பனி உருகி மீன்கள் மேலே வந்து பார்த்தன என்றும் சேர்த்தேன்.

மூன்று நாள் கழித்து டெனீஸ் அழைத்தாள்.

"சார், முன்பக்கப் போட்டோவில ஒரு போர்டு தெரியுது."

"தெரியுதா?"

"பெரிசு பண்ணிப் படிச்சேன். நூத்தி நாப்பது குதிரைத்திறன், ஏரிமேல நூத்தி எழுபது மைல். இதை எழுதினது நீங்கதானா?"

"கையெழுத்து என்னோடது மாதிரிதான் இருக்கு."

"லிஸ்ட்ல எஞ்சின் பழசுன்னு எழுதியிருக்கீங்க. போர்டுல வேற மாதிரி இருக்கு. ரெண்டுல எது பொய்?"

"போர்டுதாம்மா. இங்க எல்லாரும் அப்படித்தான் எழுதுவோம்."

"எல்லாரையும் நான் காப்பீடு பண்ணல சார். நூத்தி நாப்பதுன்னா எங்க மேலிடம் தொடவே தொடாது. அளந்து, கையெழுத்து வாங்கி அனுப்புங்க."

இருபத்தாறு வருடம் வீட்டுக்கு வீடு போய்த் துருப்பிடிக்காத வாளி விற்றவன் நான். நம்பவைப்பது எனக்கு ஒரு வேலையே இல்லை. ஆனால் என் வண்டி சோம்பேறி என்று ஒருவரை நம்பவைக்க நான் பட்ட பாடு கொஞ்சமல்ல.

பின்சக்கரத்தை உருளையின்மேல் ஓடவிட்டுத் திறனை அளக்கும் எந்திரம் எங்கள் வட்டாரத்திலேயே ஒன்றுதான் உண்டு. அது கூபியாக்கின் பட்டறையில் இருக்கிறது. ஆர்டித் சாவியை எடுத்து வர, அவள் தம்பி மகனின் டிரக்கில் வண்டியை ஏற்றி அங்கே கொண்டு போனோம்.

"அளக்கணுமா? தாராளமா" என்றான் கூபியாக். "நூத்தி நாப்பது வரணும், அவ்வளவுதானே? உனக்காக நூத்தி நாப்பத்திரண்டே வரவைக்கிறேன், போ."

"நிஜமா என்ன வருதோ அது வேணும்டா."

அவன் கையைத் துடைத்துக்கொண்டிருந்த துணியைக் கீழே வைத்தான்.

"ஆர்வல், பதினெட்டு வருஷமா இந்த மெஷின் நிஜத்தைச் சொன்னதில்ல. இந்தப் பக்கத்துல ஒரு திருகு இருக்கு, பாரு. அதை ரெண்டு சுத்து ஏத்தி வெச்சிருக்கேன். இங்க வர்றவன் பாதிக்குப் பாதி கூடுதலா வாங்கிட்டுச் சிரிச்சுக்கிட்டே போவான். இந்தப் பக்கத்துல இருக்கிற அத்தனை வீட்டுலயும் சட்டம் போட்டு மாட்டியிருக்காங்கடா அந்தச் சீட்டை."

"இன்னைக்கு மட்டும் இறக்கு."

"இறக்கினா மறுபடி ஏத்தத் தெரியாது. ஏத்தினவன் செத்துட்டான்."

இருவரும் அந்தத் திருகைப் பார்த்துக்கொண்டு நின்றோம். இதுவரை வாயைத் திறக்காத ஆர்டித், நடந்து போய்ப் பட்டறைக் கதவைச் சாத்தினாள்.

"இறக்குப்பா டுவேன்" என்றாள். "இந்த மனுஷனுக்கு ஒரு கோடைதான் இருக்கு."

அவன் இறக்கினான். நான் வண்டியில் ஏறி முடுக்கினேன். சத்தத்தில் கூரையிலிருந்த புறாக்கள் அடுத்த மாவட்டத்துக்குக் குடிபெயர்ந்தன. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. எந்திரம் ஒரு சீட்டைத் துப்பியது. கூபியாக் அதைப் படித்தான், தொப்பியைக் கழற்றினான்.

"முப்பத்தெட்டு" என்றான்.

"மறுபடி ஓட்டிப் பாக்கலாமா?"

"பார்த்தா முப்பத்தேழு வரும்."

மூலையில் நின்ற தன் வண்டியை அவன் திரும்பிப் பார்த்த பார்வையில், அதை அந்த எந்திரத்தில் ஏற்றிப் பார்த்ததே இல்லை என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது. நான் கேட்கவில்லை. அவன் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தான்.

அதோடு முடியும் என்று நினைத்தேன். டெனீஸ் சீட்டைப் பார்த்துவிட்டு இன்னொன்று கேட்டாள். பலகையில் இருப்பவற்றில் எவையெல்லாம் பொய் என்று ஒவ்வொன்றாக எழுதி, சான்றொப்பம் இடும் அலுவலர் முன்னிலையில் கையெழுத்திட வேண்டுமாம். எங்கள் ஊரில் அந்த அலுவலர் வங்கியில் உட்கார்ந்திருக்கும் ஜோலீன். தேவாலயத்தில் எனக்கு முன்வரிசைக்காரி.

ஆர்டித் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து எழுதினாள். நான் சொல்லச் சொல்ல. ஏரி பொய். மைல் பொய். மீன்கள் வந்து பார்த்தது பொய். கதிரடிக்கும் எந்திரத்தின் புகைக்குழாய் மட்டும் உண்மை, அதை ஒருவரும் நம்புவதில்லை. நான்கு பக்கம் வந்தது. முடித்துவிட்டு முழுவதையும் ஒருமுறை படித்தாள்.

"எழுபத்து நாலுல பொண்ணு கேட்டு வந்தப்ப எங்கப்பாகிட்ட ஒண்ணு சொன்னியே, உனக்குப் பால் பண்ணை இருக்குன்னு. அது இதுல இல்லையே."

"அது வண்டியைப் பத்தினது இல்ல, ஆர்டி."

"கேட்டேன், அவ்வளவுதான்" என்று காகிதத்தை மடித்தாள்.

வங்கியில் ஜோலீன் சத்தமாகப் படித்துக் காட்டினாள். சட்டப்படி சத்தமாகப் படிக்கவேண்டியதில்லை என்று பிறகு கேள்விப்பட்டேன். வரிசையில் ஆறு பேர் நின்றிருந்தார்கள். மீன்கள் வந்த இடத்தில் ஒருவர் இருமினார். நான் கையெழுத்துப் போட்டேன். பேனா கனமாக இருந்தது.

சனிக்கிழமை மதியம் தபாலில் கார்டு வந்தது. ஆர்டித் அதை வெளிச்சத்தில் பிடித்து இரண்டு பக்கமும் பார்த்தாள். பிறகு சாவியை மேசைமேல் வைத்துவிட்டு, அடுப்பில் இருந்த உருளைக்கிழங்கைக் கிளறப் போனாள்.

ஞாயிறு காலை பாதிரியார் நீர் தெளித்தார். நாற்பது வண்டிகள் கிளம்பின. நகரத்தைத் தாண்டியதும் பால் பண்ணை மேட்டில் முப்பத்தொன்பது வண்டிகள் ஏறி மறைந்தன. என் வண்டியின் முன்கவை ஒரு குளிர்பெட்டியின் எடை இருக்கும். இரண்டாம் கியருக்கு இறக்கினேன். மேடு மெதுவாக என் பக்கம் வந்தது. காற்றில் சாண வாசனையும் ஈர மண் வாசனையும் இருந்தன. இடது கை எரிந்தது. நான் ஓட்டிக்கொண்டிருந்தேன்.

பாதி மேட்டில் பின்னால் விளக்குச் சுழன்றது. ஓரம் கட்டினேன். ஷெரிப் அலுவலகத்துப் போலீஸ்காரர் ஒருவர் இறங்கி வந்தார். இளைஞர், நான் பார்த்ததில்லை. கேட்பதற்கு முன்பே கார்டை எடுத்து நீட்டினேன். அவர் அதை வாங்கக்கூட இல்லை.

"பெரியவரே, உங்க பின்னாடி பதினோரு கார் நிக்குது. கொஞ்சம் முறுக்கலாமே."

"இதுக்கு மேல முறுக்கினா கைப்பிடி கையோட வந்துரும், தம்பி."

அவர் வண்டியைச் சுற்றி வந்தார். குரோமியத்தில் தன் முகத்தைப் பார்த்துக்கொண்டார்.

"இந்த மாதிரி வண்டியை வெச்சுக்கிட்டா? நூத்தம்பது குதிரையாவது இருக்குமே."

"முப்பத்தெட்டு."

அவர் சிரித்தார். நன்றாக, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"எங்க தாத்தாவும் இப்படித்தான் அளப்பார்" என்று என் தோளில் தட்டிவிட்டு, பதினோரு கார்களையும் ஒவ்வொன்றாக என்னைக் கடந்து போகச் சொல்லிக் கை காட்டினார். கடைசியாக ஒரு டிராக்டர் போனது. அதற்குப் பின்னால் நான் கிளம்பினேன்.