கொண்டையாரின் இடது புருவம்

தொலைக்காட்சியில் வாராவாரம் வரும் கொண்டையார் ஒரு கார்ட்டூன் சேவல். சினிமாவில் தன்னை விட்டால் ஆளில்லை என்பது அதன் நினைப்பு. எழவு வீட்டுக்குப் போனாலும் கேமரா எந்தப் பக்கம் என்று தேடி, கொண்டையைக் கோதி, இடது புருவத்தை மட்டும் உயர்த்திய பிறகுதான் அழும்.

அதை வரைகிறவள் அன்று கார்ட்டூன் ஸ்டூடியோவில் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தாள். எதிரே நிஜமான கதாநாயகன் ஒருவர், மேனேஜரோடு வந்து நின்றார்.

"எங்க சாரத்தான் கிண்டல் பண்றீங்க. இன்னியோட நிறுத்துங்க. இல்லேன்னா கோர்ட்டுல பாத்துக்கலாம்" என்றார் மேனேஜர்.

நிறுத்தினால் அந்த அறையில் இருக்கும் அத்தனை பேர் பிழைப்பும் போகும். ஸ்டூடியோ முதலாளிக்கு வியர்த்துக் கொட்டியது. "ஏம்மா, சாரப் பாத்தா வரைஞ்சே?"

"சத்தியமா இல்ல சார். சாரோட படம் ஒண்ணுகூட நான் பாத்ததில்ல."

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

மேனேஜர் திரையில் சேவலை நிறுத்திக் காட்டினார். "அப்போ இந்தப் புருவம் எங்கேருந்து வந்துச்சாம்?"

பயம் வந்தால் அவள் கை தானாகத் தலைக்குப் போகும். போனது, முடியைக் கோதியது. கூடவே இடது புருவமும் ஏறியது.

நடிகர் திரையைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். மேசையில் சாய்த்து வைத்திருந்த கண்ணாடியையும் பார்த்தார். கார்ட்டூன் வரைகிறவர்கள் தங்கள் மூஞ்சியைக் கண்ணாடியில் கோணலாக்கிப் பார்த்துத்தான் முகபாவம் பிடிப்பார்கள்.

"அடப்பாவி! இது நான் இல்லய்யா, இந்தம்மாவேதான்!"

அறையே சிரிப்பில் அதிர்ந்தது. "அதான! இந்த மூஞ்சிய எங்கியோ பாத்திருக்கேனேன்னு தெனம் மண்டைய ஒடச்சுக்கிட்டேன்டி!" என்று பக்கத்து மேசைக்காரி வயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

அவள் வீட்டுக்காரர் வாரம் தவறாமல் டிவியில் சேவலை ஒரு பார்வையும் அவளை ஒரு பார்வையும் பார்த்து விழுந்து விழுந்து சிரிப்பது ஏன் என்று அவளுக்கு அப்போதுதான் விளங்கியது. 'வரட்டும் மனுஷன்!' என்று நினைத்தவள், தானும் கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

நடிகரின் சிரிப்பு மட்டும் பாதியில் நின்றது. "அப்போ... இதுல நான் எங்கியுமே இல்லியா? வீட்டுல எல்லார்கிட்டயும் நான்தான்னு சொல்லி வெச்சிருக்கேனே!"

மேனேஜர் கூரையைப் பார்த்தார்.

அவள் எழுந்து தன் நாற்காலியைத் தூசி தட்டி அவர் பக்கம் நகர்த்தினாள். "உக்காருங்க சார். கண்ணாடியப் பாத்து கோவமா ஒரு மூஞ்சி காட்டுங்க." பென்சில் ஓடியது. "வான்கோழின்னா பரவால்லயா சார்?"

"சேவலவிடப் பெருசுதான?"

"ரொம்பப் பெருசு சார்."

"அப்போ சரி" என்று முடியைக் கோதிக்கொண்டார் நடிகர். "வலது பக்கமா வரைம்மா. அதுதான் எனக்கு எடுப்பா இருக்கும்."