கோப்பிக்குச் சொன்ன கதை

“சாமி மேல சத்தியமா சொல்லுங்க அங்கிள், இந்த மொட்டைக் கடுதாசிய நீங்க எழுதல?”

“நான் ஏன் பிள்ளை எழுதுறேன்? நேரா சொல்ல எனக்கு வாய் இல்லையா?”

“வாய் இருக்கு. அதுல உண்மைதான் இல்ல!”

“ஏய், அளந்து பேசு. வயசுக்கு மரியாதை வேணும்.”

“வயசுக்குக் குடுக்குறேன். உங்களுக்கு இல்ல!”

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டரை மணி. தெப்ராவில் அந்தத் தாமான் குடியிருப்பின் கடைசித் தெருவில், கடைசி வீட்டுக்கும் அதற்கு முந்தின வீட்டுக்கும் நடுவே இடுப்புயரத்துக்கு ஒரு சுவர். அதன் இந்தப் பக்கம் பிரவீனா, முப்பத்திரண்டு வயது, கையில் கைத்தொலைபேசி. அந்தப் பக்கம் சோமசேகரம், கையில் செடிக்குத் தண்ணீர் பிடிக்கும் குழாய். அரசாங்க அலுவலகத்தில் முப்பத்தைந்து வருஷம் கோப்பு புரட்டி ஓய்வு பெற்றவர். மனைவி போய் எட்டு வருஷம். இப்போது குடியிருப்பாளர் சங்கத் தலைவர். அந்தப் பதவிக்கு வேறு யாரும் ஆசைப்படவில்லை என்பது தனிக் கதை. எதிர்வீட்டுக் கோமளா அன்றைக்கு மூன்றாவது தடவையாகத் தன் வாசலைக் கூட்டிக்கொண்டிருந்தாள். அங்கே குப்பை இருந்ததா என்று கேட்கக் கூடாது.

சண்டைக்குக் காரணமானது பிரவீனாவின் காலுக்குப் பின்னால் நின்று நடுங்கிக்கொண்டிருந்தது. காப்பிப் பழுப்பு நிறம், ஒரு காது மடிந்தது, பெயர் கோப்பி. பிரவீனாவின் அம்மா அங்கம்மா சாக்கடையோரம் கண்டெடுத்து வளர்த்த நாய். அங்கம்மாவுக்கு வாய் ஓயாது. வெங்காயம் உரித்தாலும், துணி மடித்தாலும், நாடகம் பார்த்தாலும் நாயிடம் ஒப்பித்துக்கொண்டேதான் செய்வாள். போன தீபாவளிக்கு ஒரு வாரம் இருக்கும்போது அந்த வாய் நின்றுபோனது. பிரவீனாவோ விடியுமுன் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு சிங்கப்பூர் வேலைக்குப் போனால் பொழுது சாய்ந்துதான் வருவாள். பேச்சே இல்லாத வீட்டில் கோப்பி கதவைப் பிறாண்டி நகத்தில் ரத்தம் வர வைத்துக்கொண்டது. சோற்றைத் தொடவில்லை. பகல் முழுக்க ஊளை. உண்மையைச் சொன்னால், தெருவுக்கே தலைவலிதான். ஆனால் எழுதிப் போட்டவர் ஒருவர்தான்.

புகார் போனதும் நகராண்மைக் கழகத்திலிருந்து கடிதம் வந்துவிட்டது. நாய் வளர்க்கும் உரிமமான லெசன் மாசக் கடைசியில் முடிகிறது. புதுப்பிக்க வேண்டுமென்றால் விண்ணப்பப் பாரத்தில் பக்கத்து வீட்டுக்காரரின் சம்மதக் கையெழுத்து வேண்டும். இல்லாவிட்டால் நாயைப் பிடித்துக்கொண்டு போவார்கள். பிரவீனாவின் வீடு கடைசி வீடு. பக்கத்து வீடு ஒன்றே ஒன்று. அது யாருடையது என்று சொல்ல வேண்டியதில்லை.

“பகல்ல அத எங்கயாவது கொண்டு போய் வை. சத்தம் நின்னா யோசிக்கிறேன்” என்றார் சோமசேகரம்.

“அம்மா போனதிலேருந்து அதுக்குப் பயம் அங்கிள். தனியா இருக்க முடியல.” இந்த வார்த்தை வரும்போது பிரவீனாவின் குரல் கொஞ்சம் இறங்கித்தான் இருந்தது. அம்மாவின் கை பட்ட உயிர் அந்த வீட்டில் அது ஒன்றுதான் மிச்சம்.

“அது உன் வீட்டு விஷயம்” என்று சொல்லிவிட்டுச் சோமசேகரம் குழாயைச் செம்பருத்திப் பக்கம் திருப்பினார்.

அந்த நாலு வார்த்தை பிரவீனாவின் நெஞ்சில் மீன் முள்ளாகக் குத்தி நின்றது. அன்றைக்கே மனசுக்குள் இரண்டு வேலை குறித்துக்கொண்டாள். கோப்பிக்கு ஓர் இடம். கிழவருக்கு ஒரு பாடம்.

முதல் வேலையே பெரும்பாடாக இருந்தது. பெரிய சாலையில் நாய்களுக்கென்று ஒரு ஹோட்டல் திறந்திருந்தார்கள். ஏர்கோன், மெத்தை, தொலைபேசியில் பார்க்கக் கேமரா. பிரவீனாவின் படுக்கையறையில் காற்றாடிதான். ஒரு நாளைக்கு எண்பது வெள்ளி என்றதும், “அலாமாக், மாசக் கடைசியில நானும் கோப்பியோட தட்டுலதான் சாப்பிடணும்” என்றாள். இருந்தாலும் ஒரு நாள் வைத்துப் பார்ப்போம் என்று விட்டாள். பத்து நிமிஷத்தில் கோப்பி ஊளையைத் தொடங்கியது. அரை மணி நேரத்தில் அங்கிருந்த பதினாலு நாய்களும் பின்பாட்டுப் பாடின. மேனேஜர் பெண் கையெடுத்துக் கும்பிட்டுத் திருப்பி அனுப்பிவிட்டாள். அடுத்து ஒரு தாமானில் ஓர் அம்மாள் கூண்டுமேல் கூண்டு அடுக்கி நாய் பார்த்துக்கொள்கிறாளாம். மலிவு. கோப்பி கூண்டைப் பார்த்த மாத்திரத்தில் மோட்டாருக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டது. இழுத்து எடுக்கவே அரை மணி ஆனது.

ஹோட்டலில் நாய் குளிப்பாட்டும் லோகேஸ்வரன்தான் வழி சொன்னான். அன்றைக்கே பிரவீனாவின் எண்ணை வாங்கி வைத்திருந்தான். நாய்க்காகத்தான் வாங்கினான் என்று அவன் சொன்னதைத் தெருவில் யாரும் நம்பவில்லை.

“அக்கா, கோப்பிக்கு ஏர்கோன் வேணாம். பேச்சுக் குரல் வேணும். நான் குளிப்பாட்டுறப்ப பேசிக்கிட்டே இருந்தேன், கம்முனு இருந்துச்சு.”

“பகல் பூரா பேச நான் யாரப் பிடிக்க?”

“ஒருத்தவங்க இருக்காங்க. எங்க கிண்டர்கார்டன் டீச்சர். ரிட்டையர்ட். அவங்க வாய மூடி நான் பாத்ததே இல்ல. கொஞ்ச நாள் பிள்ள பாத்துக்குற வேலை செஞ்சாங்க. பிள்ளைங்க தாங்கல.”

செல்லப்பாக்கியம் டீச்சர் அறுபத்தாறு வயதில் ஓர் அடுக்குமாடியின் ஆறாவது மாடியில் தனியாக இருந்தார். கல்யாணம் ஆகவில்லை. கதவைத் திறந்ததிலிருந்து லிஃப்ட் கெட்டது, தக்காளி விலை, பழைய மாணவன் ஒருவன் இப்போது வக்கீல் என்று நிறுத்தாமல் பேசினார். இரண்டாவது நிமிஷத்தில் கோப்பி நடுக்கத்தை நிறுத்தியது. ஐந்தாவது நிமிஷத்தில் டீச்சரின் பாதத்தில் தாடையை வைத்துத் தூங்கிவிட்டது. பிரவீனாவுக்குக் கண் கலங்கியது.

“ஆனா இங்க நாய் வெச்சுக்க விட மாட்டாங்க பிள்ளை. நான்தான் உன் வீட்டுக்கு வரணும். வீடு எங்க?”

பிரவீனா தெருவைச் சொன்னாள். கடைசி வீடு என்றாள். “பக்கத்துல ஒரு கிழவரு இருக்காரு டீச்சர். சோமசேகரம். அவராலதான் இவ்வளவும்.”

டீச்சர் பேச்சை நிறுத்தினார். லோகேஸ்வரன் பயந்தே போனான். இருபது வருஷத்தில் அவன் கேட்காத மௌனம்.

“அந்தக் கடுதாசி இருக்கா?”

நகராண்மைக் கழக முகப்பில் குமாஸ்தா போன் எடுக்கத் திரும்பின நேரத்தில் பிரவீனா கோப்பிலிருந்த கடுதாசியைப் படம் பிடித்திருந்தாள். காட்டினாள். ஐந்து குற்றச்சாட்டு, வரிசை எண் போட்டு, ஒவ்வொன்றுக்கும் அடியில் அடிக்கோல் வைத்துச் சிவப்பு மையில் கோடு. கீழே பெயர் இல்லை. ‘அக்கறையுள்ள குடியிருப்பாளர்’ என்று மட்டும்.

டீச்சர் திரையில் அந்தச் சிவப்புக் கோட்டை விரலால் தடவினார்.

“என் தம்பி” என்றார். “பதினோரு வருஷமா நாங்க பேசிக்கிறதில்ல.” பிறகு ஒரு சிரிப்பு. அந்தச் சிரிப்பைப் பார்த்திருந்தால் சோமசேகரம் அன்றைக்கே வீட்டை விற்றிருப்பார். “எனக்குச் சம்பளம் வேணாம். மத்தியானச் சோறு போதும். ஆனா உள்ள உக்கார மாட்டேன். வாசல் போர்ச்சுல, அந்தச் சுவரு ஓரமா ஒரு நாற்காலி போட்டுடு.”

பிரவீனாவுக்குப் புரிந்தது. முழுக்கப் புரியவில்லை, ஆனால் நாற்காலியை எங்கே போட வேண்டும் என்கிற அளவுக்குப் புரிந்தது. குஷன் வேறு வாங்கிப் போட்டாள்.

திங்கட்கிழமை ஏழு மணிக்கு டீச்சர் வந்து உட்கார்ந்தார். கோப்பி காலடியில். குரல் மட்டும் ஐம்பது பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்த குரல்.

“கேட்டியா கோப்பி, எனக்கு ஒரு தம்பி. மகா தைரியசாலி. பன்னெண்டு வயசு வரைக்கும் கக்கூசுக்குப் போக அக்கா வாசல்ல நின்னு பாட்டுப் பாடணும். பாட்ட நிறுத்தினா அழுவான்.”

அந்தப் பக்கம் குழாய் கீழே விழுந்த சத்தம் கேட்டது.

செவ்வாய்க்கிழமை, பரீட்சையில் யாரைப் பார்த்து எழுதினான் என்ற கதை. புதன்கிழமை, பெண் பார்க்கப் போன வீட்டில் இரவல் கைக்கடிகாரம் கட்டிக்கொண்டு போன கதை. கோப்பி நான்கு காலையும் மேலே தூக்கித் தூங்கியது. கோமளா துடைப்பத்தோடு வந்தவள் வியாழக்கிழமை பிளாஸ்டிக் நாற்காலியோடு வந்தாள். மற்றவர்களும் முருங்கைக்கீரை ஆய அந்தப் பக்கமாக வந்தார்கள். கீரை ஆய நிழல் வேண்டுமல்லவா!

சோமசேகரம் சுவரோரம் வந்து பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார், “அக்கா, மானத்த வாங்காதீங்க. வீட்டுக்குப் போங்க.”

“நான் நாய் பாத்துக்குற வேலைக்கு வந்திருக்கேன். தெரியாதவங்களோட எனக்கென்ன பேச்சு? கோப்பி, யாரோ கூப்பிடுறாங்க, என்னனு கேளு.”

சங்கத் தலைவர் நேராக நகராண்மைக் கழகத்துக்குப் போனார். “நாய் ஊளையிடுதா?” என்று கேட்டார் அதிகாரி. இல்லை என்றார். “அப்புறம்?” ஒரு பெண்மணி பேசுகிறார் என்றார். அதிகாரி பேனாவை மூடி வைத்துவிட்டு, அதற்குப் புகார்ப் பாரம் கிடையாது என்றார்.

மாசக் கடைசிக்கு இரண்டு நாள் இருந்தது. கையெழுத்து இன்னும் விழவில்லை. பிரவீனா லீவு போட்டாள். “நாளைக்குப் பெரிய கதை” என்று டீச்சர் சொல்லியிருந்தார்.

அன்றைக்கு டீச்சரின் குரல் தணிந்திருந்தது. அதனாலேயே எல்லாரும் கிட்ட வந்தார்கள்.

“எனக்கு இருபத்தாறு வயசு கோப்பி. சிகாமட்டுல ஒரு வாத்தியாரு. நல்ல மனுஷன், கொஞ்சம் திக்கும். எனக்கு அதுவும் பிடிச்சிருந்துச்சு. நாள் வெச்சாச்சு. அம்மா படுக்கையில. நான் போயிட்டா அம்மாவ யாரு பாக்குறது? தம்பிக்குப் பாக்க முடியுமா? அவனுக்கும் கல்யாணம் ஆகணுமே. எண்பத்து நாலு, மார்ச்சு மாசம், சிகாமட்டுக்கு ஒரு கடுதாசி போச்சு. பேரு இல்ல. பொண்ணுக்கு வலிப்பு இருக்குனு எழுதி, அதுக்குக் கீழ அடிக்கோல் வெச்சு, சிவப்பு மையில—”

“பிப்ரவரி!”

சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்தது. முப்பத்தைந்து வருஷம் தேதி சரிபார்த்த வாய். தப்பான மாசத்தைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்க அதற்குத் தெரியாது.

கோமளாவின் மடியிலிருந்து கீரைக்காம்பு விழுந்தது. டீச்சர் குனிந்து கோப்பியின் மடிந்த காதை நீவிவிட்டார்.

“எனக்கு மறக்குமா கோப்பி? பிப்ரவரி பதினேழு. அந்தக் கடுதாசி என் கைக்கு வந்துதான் பதினோரு வருஷம் ஆச்சு.”

பத்து நிமிஷம் கழித்துச் சோமசேகரம் கேட்டைத் திறந்துகொண்டு வந்தார். முகம் வெந்த கிழங்காக இருந்தது. பிரவீனாவிடம் பாரத்தைக் கேட்டு வாங்கி, அவளுடைய மோட்டார் சீட்டின்மேல் வைத்துக் கையெழுத்துப் போட்டார். நீல மை. ஒரு கோடுகூட அடிக்கவில்லை. போட்டுவிட்டு மெதுவாகச் சொன்னார், “பிள்ளை, உனக்கு வேண்டியது கிடைச்சிருச்சு. அவங்கள நிறுத்தச் சொல்லு.”

சொல்லியிருக்கலாம். டீச்சரும் தலையைத் தூக்கி அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். பிரவீனா பாரத்தை நாலாக மடித்துப் பைக்குள் வைத்தாள். மடிக்குமுன் மை காய்ந்துவிட்டதா என்றுகூடத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

“அது உங்க வீட்டு விஷயம் அங்கிள்.”

நெஞ்சில் இருந்த முள் வெளியே வந்தது. வாரம் முழுக்க அவளுக்குச் சோறு ருசித்தது. டீச்சர் கதையை முதலிலிருந்து தொடங்கினார், விட்டுப்போனதையெல்லாம் சேர்த்து.

மூன்றாவது மாதம் சோமசேகரம் வீட்டை விற்றுவிட்டு மூவாருக்குப் போனார். லாரி ஏறும்போது வழியனுப்ப எல்லாரும் வந்தார்கள், சன்னலுக்குப் பின்னால்.

மறுநாள் டீச்சர் வரவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. கோப்பி கதவைப் பிறாண்டத் தொடங்கியது. பிரவீனா ஆறு மாடி ஏறிப் போய்க் கெஞ்சினாள். “சம்பளம் தரேன் டீச்சர். வாங்க.”

“யாருகிட்ட பேசுறது பிள்ளை? சுவருக்கு அந்தப் பக்கம் ஆள் இல்லையே” என்றார் செல்லப்பாக்கியம். சுற்றிலும் பெட்டிகள் கட்டி வைக்கப்பட்டிருந்தன. மூவாரில் ஒரு மரச்சாமான் கடைக்கு மேலே அறை பார்த்தாகிவிட்டதாம். சன்னலைத் திறந்தால் எதிரே யார் வீட்டு வாசல் என்று பிரவீனா கேட்கவில்லை.

“ஒரு உதவி செய். கோப்பிய எனக்குக் குடு. தனியா பேசினா பைத்தியம்பாங்க. நாய் இருந்தா பேச்சு.”

முடியாது என்று சொல்லிவிட்டு வந்தாள். ஒன்பது நாள் தாங்கினாள். பத்தாம் நாள் கோப்பியின் விலா எலும்பை எண்ண முடிந்தது. லோகேஸ்வரன் இரவல் காடியை ஓட்டிக்கொண்டு வந்தான். மூவார் வரைக்கும் கோப்பி அழுதுகொண்டே வந்தது. டீச்சர் படியில் நின்று, “வாடா கோப்பி, எங்க விட்டோம்?” என்றதும் நின்றது.

பிறகு நடந்ததையும் சொல்லிவிடலாம். சோமசேகரத்தின் வீட்டுக்கு மூன்று பிள்ளைகளோடும் ஒரு டிரம் செட்டோடும் ஒரு குடும்பம் வந்திருக்கிறது. எழுதிப் போட ஆளில்லாமல் தெரு தவிக்கிறது. அக்கா என்று கூப்பிட்ட லோகேஸ்வரன் கூப்பிடும் முறையை மாற்றிக்கொண்டு, போன ஆவணியில் பிரவீனாவுக்குத் தாலி கட்டினான். கல்யாணத்தில் கோமளா இரண்டு தடவை சாப்பிட்டாள். மூவாரில் சோமசேகரம் சன்னலை மூடியே வைத்திருக்கிறாராம். ஆனால் டீச்சர் தேதி தப்பாகச் சொன்னால் உள்ளேயிருந்து திருத்தம் வருகிறதாம்.

ஞாயிற்றுக்கிழமைகளில் பிரவீனாவும் லோகேஸ்வரனும் போய்ப் பார்த்துவிட்டு வருகிறார்கள். கோப்பி ஓடிவந்து வாலை ஆட்டும், முகத்தை நக்கும், அப்புறம் திரும்பிப் போய் டீச்சரின் பாதத்தில் தாடையை வைத்துக்கொள்ளும். லெசன் மட்டும் இன்னும் பிரவீனா பெயரில்தான் இருக்கிறது.