கணவாய் மூடும் முன்

ஐஸ் பெட்டியின் வயர் பிளக் பாயிண்ட்டுக்கு எட்டவில்லை. பக்கத்து வீட்டிலிருந்து எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வாங்கிவந்து பிர்தௌஸ்தான் மாட்டினாள். பெட்டி உறுமிக்கொண்டு ஓடத் தொடங்கியது. உள்ளே அவள் அப்பா கவுஸ் பாஷா. தூங்குகிற மாதிரியே இருக்கிறார் என்று வந்தவர்கள் சொன்னார்கள். அவளுக்கு அப்படித் தோன்றவில்லை. அப்பா தூங்கினால் குறட்டை செங்கம் ரோடு வரைக்கும் கேட்கும்.

விடியற்காலை நாலரைக்கு மூச்சு நின்றிருந்தது. பெட்டியைக் கொண்டுவந்தவர் அப்பாவின் ஆட்டோ ஸ்டாண்டு கூட்டாளி திருமலை. பள்ளிவாசல் ஹஜ்ரத்துக்குத்தான் பெட்டியில் வைத்துக் காத்திருக்க மனமில்லை.

"மையத்தக் காக்க வைக்கறது சரியில்லம்மா. இன்னிக்கு சாயந்திரம் அசர் தொழுகைக்கே எடுத்துடலாம்."

கல்யாணமாகி முப்பத்தாறு வருஷம் யாரையும் எதிர்த்து ஒரு வார்த்தை பேசாத அம்மா ஜஹானாரா வாசற்படியில் போய் உட்கார்ந்துகொண்டாள். "எம் புள்ள வந்து அவரு மூஞ்சியப் பாக்காம எடுக்க விட மாட்டேன்."

நாளைக் காலை வரை பொறுப்பது என்று முடிவாயிற்று.

பிர்தௌஸின் தம்பி காசிம், கார்கில் பக்கம் ஒரு சுரங்கப்பாதை வேலையில் ஜேசிபி ஓட்டுகிறான். போய் இரண்டு வருஷத்தில் ஊருக்கு வந்தது ஒரே ஒரு பெருநாளைக்கு. அவன் போன நாளிலிருந்து, அந்த ஊர்க் குளிர் எவ்வளவு என்று செல்போனில் பார்த்துவிட்டுத்தான் அப்பா வண்டி எடுப்பார். ஆசிரமத்து வாசலில் கொளுத்துகிற வெயிலில் நின்றுகொண்டு, "இன்னிக்கு அங்க மைனஸ் பதினேழு" என்று சவாரிக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். நேற்று சாயந்திரம் நினைவு வருவதும் போவதுமாக இருந்தபோது அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "காசிம் கிளம்பிட்டானா?"

பதினோரு மணிக்குப் போன் வந்தது. பிர்தௌஸ் எடுத்துக்கொண்டு தோட்டத்துப் பக்கம் போனாள்.

"அக்கா, சிக்னல் போயிடும், சீக்கிரம் கேளு. கணவாய் செக்போஸ்ட்ல நிக்கறேன். மத்தியானத்துக்கு மேல பெரிய பனிப்புயல் வருதாம். நான் வந்த கார்க்காரன் திரும்பிட்டான். இன்னும் அரை மணி நேரத்துல கேட்டை மூடிடுவாங்க."

"அப்போ நீ எப்படி வருவ?"

"ஒரு லாரிக்காரரு மட்டும் போறேங்கறாரு. நானும் ஏறிக்கறேன். அந்தப் பக்கம் இறங்கிட்டா எப்படியும் வந்துடுவேன். நாளைக்கு வரைக்கும் வச்சிருக்கீங்க இல்ல?"

அவன் குரலுக்குப் பின்னால் காற்று ஊளையிட்டது. போன வருஷம் இதே கணவாயில் பனிச்சரிவில் புதைந்த ஒரு வண்டியை மூன்றாம் நாள் தோண்டியெடுத்தவன் காசிம். அதை அவளிடம் மட்டும் சொல்லியிருந்தான். "ஸ்டேரிங்க புடிச்ச கை புடிச்சபடியே இருந்துச்சுக்கா. பிரிக்கவே முடியல. அம்மாகிட்ட சொல்லிடாத."

"அக்கா, கேக்குதா? வச்சிருக்கீங்க இல்ல?"

வீட்டுக்குப் பின்னால் அண்ணாமலை வெயிலில் பளிச்சென்று நின்றது. உச்சியில் ஒரு துண்டு மேகம்கூட இல்லை.

"அடக்கம் ஆயிடுச்சுடா" என்றாள் பிர்தௌஸ்.



"நாளைக்குன்னு சொன்னீங்களே."

"ஹஜ்ரத் ஒத்துக்கல. பத்து மணிக்கே எடுத்துட்டாங்க. நீ ரூமுக்குத் திரும்பிப் போ காசிம். புயல் முடிஞ்சப்புறம் மெதுவா வா."

காசிம் கேட்டான். "அப்பா என்னைக் கேட்டாரா?"

அதற்கும் ஒரு பொய் தயாராக இருந்தது. சொல்ல வாய் வரவில்லை.

"கேட்டாரு."

"சரிக்கா. திரும்பறேன்."

போனை வைத்துவிட்டுத் திரும்பினாள். பின்வாசலில் அம்மா நின்றிருந்தாள். எப்போது வந்தாள் என்று தெரியவில்லை. தலைமுக்காட்டை இழுத்து வாயோடு சேர்த்துப் பிடித்திருந்தாள்.

"அம்மா, அந்த லாரியில..."

"திரும்பிட்டானா?"

"திரும்பறேன்னான்."

ஜஹானாரா தலையாட்டினாள். உள்ளே போய்ப் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். கண்ணாடிமேல் கையை வைத்தாள்.

"ஹஜ்ரத்கிட்ட சொல்லியனுப்பு. அசருக்கே எடுத்துடட்டும்" என்றாள். "எம் புள்ளகிட்ட சொன்னது பொய்யா இருக்கக் கூடாது."

அசர் தொழுகைக்குப் பாங்கு சொல்வதற்குள் குளிப்பாட்டிக் கஃபன் துணி சுற்றிவிட்டார்கள். மையத்தை வைத்த சந்தூக்கைத் தூக்கியபோது திருமலையும் ஒரு பக்கம் தோள் கொடுத்தார். ஆண்கள் எல்லாரும் அடக்கம் செய்யக் கபரஸ்தானுக்குப் போனதும் தெரு வெறிச்சென்று ஆனது. ஜஹானாரா சுவரில் சாய்ந்துகொண்டு, மகளின் கையிலிருந்த போனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஐந்தரைக்கு ஒரு செய்தி வந்தது. "ரூமுக்கு வந்துட்டேன். இங்க ஆரம்பிச்சுடுச்சு." கூடவே ஒரு போட்டோ. அவன் அறை ஜன்னலிலிருந்து எடுத்தது. மலையோ பாதையோ எதுவும் அதில் தெரியவில்லை. முழுக்க வெள்ளை.

"குடு" என்று அம்மா போனை வாங்கினாள். இரண்டு விரல்களால் அந்த வெள்ளையைப் பெரிதாக்கினாள். மகன் முகம் எங்காவது தெரிகிறதா என்று ஓரத்துக்கு நகர்த்திப் பார்த்துவிட்டு, இன்னும் கொஞ்சம் பெரிதாக்கினாள்.